பெராக்சைடு கேனின் மூடி

பெராக்சைடு கேனின் மூடியில் காற்று வெளியேற ஒரு வழி வைத்திருப்பார்கள். பிளீச்சிங் பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதை ஓட்டை என்று நினைத்து டேப் போட்டு அடைக்கப் பார்ப்பார்கள். அடைக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. எங்களுக்கு வருவது ஐம்பது சதவீதச் சரக்கு. அதில் ஒரு லிட்டர் முழுவதுமாக உடைந்தால் சுமார் 200 லிட்டர் ஆக்சிஜன் கிளம்பும். போக வழியில்லாவிட்டால் கேன் உப்பும், பிறகு வெடிக்கும்.

ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கேட்டான். “தானா உடையுற சரக்குன்னா, கம்பெனியிலேருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள பூராம் தண்ணியாப் போயிருக்கணுமே அண்ணாச்சி?”

அவன் கேட்டதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். உடையக்கூடிய பொருள் ஏன் உடனே உடைவதில்லை? எது அதைத் தடுத்து வைத்திருக்கிறது, எது அவிழ்த்துவிடுகிறது? அதேபோல, யாரும் சேர்த்து வைக்காமலே பொருள்கள் எப்படிச் சேர்கின்றன?

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை, ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டிப் பக்கம், பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறைகளில். ராஜபாளையத்தின் பெயரைப் பஞ்சோடு சேர்த்துச் சொல்ல வைத்தவை அங்குள்ள நூற்பாலைகள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்குப் பின் வரிசையாக ஆலைகள் வந்தன. சத்திரப்பட்டி நெசவாளர்கள் கையில் எடுத்தது மருத்துவத் துணி. புண்ணைச் சுற்றும் ரோல், அறுவை அரங்கில் இரத்தத்தை ஒற்றி எடுக்கும் காஸ், எல்லாம் இந்தப் பக்கத்துத் தறிகளில் ஓடுகின்றன. தறியிலிருந்து இறங்கும் துணியைக் கொண்டு புண்ணைக் கட்ட முடியாது. பழுப்பு நிறம், கஞ்சி, பஞ்சின் இயற்கை மெழுகு எல்லாம் அதில் இருக்கும். அந்தத் துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நாங்கள் அதை மூழ்க வைக்க வேண்டும். மருத்துவப் பஞ்சுக்கு மருந்தியல் ஏடு விதித்திருக்கும் சோதனை இது: ஒரு சிறு கம்பிக் கூடையில் ஐந்து கிராம் பஞ்சை அடைத்து நீர்ப்பரப்பில் விட்டால் பத்து நொடிக்குள் மூழ்கிவிட வேண்டும். மெழுகு சரியாகப் போகாத பஞ்சு, வெள்ளை வெளேரென்று இருந்தாலும், கூடையோடு மிதந்துகொண்டு நிற்கும்.

பையனுக்கு நான் சொன்ன பதிலைச் சொல்கிறேன். பெராக்சைடு மேட்டில் நிற்கும் பொருள். தண்ணீரும் ஆக்சிஜனும் பள்ளம். இறங்கினால் வெப்பத்தைக் கக்கிக்கொண்டுதான் இறங்கும். ஆனால் இறங்குவதற்கு முன் அதன் பிணைப்பு ஒன்றை நெகிழ்த்தி விலக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் ஆற்றலை முன்பணமாகக் கட்ட வேண்டும். கண்மாய்த் தண்ணீர் கீழே இருக்கும் வயலுக்குப் போகத்தான் துடிக்கிறது. கரை நிறுத்தி வைத்திருக்கிறது. கரையில் ஒரு நண்டு வளை விழுந்துவிட்டால் பிறகு நிற்காது. சுத்தமான கேனில், நிழலில், அமிலத்தன்மை கொஞ்சம் வைத்துக் காத்தால் பெராக்சைடு ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூடக் குறையாது. அதே சரக்கில் துருப்பிடித்த ஆணி ஒன்று விழுந்தால் கேன் கொதிக்கும்.

வெயிலும் ஒரு காரணம். பத்து டிகிரி கூடினால் உடையும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கடியில் கேனை அடுக்கி வைக்கும் முதலாளிகளிடம் நான் இன்றுவரை சண்டை போடுகிறேன். சரக்கின் வீரியம் குறைந்துவிட்டதென்று வாங்கின இடத்தில் புகார் சொல்வதைவிட, ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொள்வது மலிவு.

வீரியத்தை அளப்பது என் அன்றாட வேலை. தொட்டியிலிருந்து ஒரு மில்லி எடுத்து, குடுவையில் நீர்த்த கந்தக அமிலத்தோடு கலந்து, மேலே பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் உடனே மறையாது. கொஞ்ச நேரம் ஊதாவாகச் சுழன்றுவிட்டுத்தான் வெளுக்கும். இரண்டாவது, மூன்றாவது சொட்டு விழுந்த கணத்திலேயே காணாமல் போகும். பெர்மாங்கனேட்டிலிருந்து உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அடுத்தடுத்த சொட்டுகளுக்கு வழி திறந்துவிடுகிறது. வினை தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. பெராக்சைடு தீர்ந்ததும், வெளிறிய ரோஜா நிறம் ஒன்று குலுக்கினாலும் போகாமல் நிற்கும். பியூரெட்டைத் திருகி நிறுத்திவிட்டுக் கணக்குப் போடலாம். எத்தனை ஆண்டு செய்தாலும் அந்த முதல் சொட்டு தயங்குவதைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பு வந்ததில்லை.

வெளுப்பு என்பதே இந்த உடைப்பை நம் கைக்குள் வைத்துக்கொள்வதுதான். கியர் என்ற வெளுப்புக் கலத்தில் துணியை அடைத்து, காஸ்டிக் சோடா போட்டுக் காரமாக்கி, தொண்ணூறு டிகிரிக்கு மேல் சூடேற்றுவோம். காரத்தில் பெராக்சைடின் கட்டு தளரும். அதிலிருந்து வரும் அயனி பஞ்சின் பழுப்பு நிறப்பொருளைத் தாக்கி உடைக்கும். தளர்வது கட்டுக்கடங்காமல் போய்விடாதிருக்க சிலிகேட் அல்லது வேறு நிலைப்படுத்தி சேர்ப்போம். அதிகம் பிடித்தால் துணி வெளுக்காது, விட்டுவிட்டால் பெராக்சைடு துணியைத் தொடாமலே குமிழியாகப் போய்விடும். முடிவில் தொட்டித் தண்ணீரை அளக்கும்போது கொஞ்சம் பெராக்சைடு மிச்சமிருக்க வேண்டும். கால் மணி நேரத்திலேயே எல்லாம் தீர்ந்திருந்தால், தண்ணீரிலோ துணியிலோ குழாயிலோ இரும்போ செம்போ புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு முந்திய காலத்தில் இந்த வேலையை வெயில் செய்தது. நம் ஊர்களில் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து, வெள்ளாவியில் வேகவைத்து, ஆற்று மணலில் நனைத்து நனைத்துக் காயப்போட்டார்கள். உவர்மண்ணில் இருந்த சோடா, மெழுகையும் எண்ணெயையும் கரைத்தது. ஈரமும் ஒளியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து நிறத்தை உடைத்தன. ஐரோப்பாவிலும் புல்வெளியில் மாதக்கணக்கில் துணியை விரித்தே வெளுத்தார்கள். 1799இல் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் மாதம் நாளாகச் சுருங்கியது. 1818இல் தேனார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த பெராக்சைடு, ஆலைகளுக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆனது. எங்கள் தொழிலில் யார் பெரிய வேதியியலாளர் என்று கேட்டால், உவர்மண் எந்தப் பொட்டலில் பூக்கும், எந்த மாதத்தில் அள்ள வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்த வண்ணார்களைத்தான் முதலில் சொல்வேன்.

ஒரு பட்டறையில் காஸ் துணியில் துளை விழுந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். முதலில் கண்டுபிடித்தவர்கள் பேக்கிங்கில் இருந்த பெண்கள். ரோலை உருட்டும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு ஓட்டைகள். வெளுப்புக்குப் போகும்போது இல்லை, வந்த பிறகு இருக்கிறது. எலி என்றார் ஒருவர். தறிக்காரர் மேல் பழி விழுந்தது, நூலின் மேல் விழுந்தது, வெட்டும் கத்தியின் மேலும் விழுந்தது. “நாங்க நெஞ்ச துணில நூல் அந்தா கண்ணுக்குத் தெரியாதா மாஸ்டர்?” என்று தறிக்காரர் மனம் நொந்து கேட்டார். நியாயமான கேள்வி.

துளையின் ஓரத்தை லென்சில் பார்த்தேன். கத்தியோ எலிப் பல்லோ பட்டிருந்தால் நூல் முனை பிசிறில்லாமல் அறுந்திருக்கும். இந்த முனைகள் மெலிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தன. இழையே உள்ளிருந்து இற்றிருந்தது. துளை விழாத பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. தள்ளி இன்னோர் இடத்தில் விட்டேன். அங்கே நூலும் நூலும் குறுக்கிடும் இடத்தில் கரு நீலமாக ஒரு புள்ளி எழும்பியது. பேனா முனையால் குத்தியதைப் போல அவ்வளவு கூர்மையான புள்ளி. பிறகு இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரும்பு. கண்ணுக்குத் தெரியாத துருத்தூள் துணி முழுக்கத் தூவிக்கிடந்தது.

எங்கிருந்து வந்ததென்று தேடிப்போனால், நீராவிக் குழாயில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். பழைய குழாயின் உட்புறத் துரு தட்டிக் கிளம்பி, நீராவியோடு கியருக்குள் வந்திருக்கிறது. ஒவ்வொரு தூள் உட்கார்ந்த இடத்திலும் பெராக்சைடு வெறிகொண்டு உடைந்தது. இரும்பு முன்னிலையில் பெராக்சைடு உடைந்தால் வருவது வெறும் ஆக்சிஜன் மட்டும் அல்ல. ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, அரை நொடிகூட நிலைக்காத, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் துண்டு ஒன்று பிறக்கும். ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894இல் வெளியிட்ட வினைக்கும் இதுதான் அடிப்படை. சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதே வினையை இன்று வேண்டுமென்றே நடத்துகிறார்கள். எங்கள் துணியில் அது வேண்டாத விருந்தாளி. பஞ்சின் செல்லுலோஸ் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. இடையில் நாலைந்து கண்ணி அறுந்தால் போதும், வெளுத்துத் தூய்மையாகத் தெரிகிற இழை இழுத்தவுடன் பொடியும்.

தறிக்காரர் மேல் விழுந்த பழி நீங்கியது. அதன் பிறகு அந்தப் பட்டறையில் குழாய் வேலை எது நடந்தாலும் நீராவியை முதலில் வெளியே ஊதிவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றைக் காட்டிப் பார்த்த பிறகுதான் கியருக்குள் திருப்புகிறார்கள்.

அந்த நீலப் புள்ளிக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். கைவசம் இருந்த பொட்டாஷில் விலங்கு எண்ணெய் கலந்து கெட்டுப்போயிருந்தது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் நீலம் வந்தது. பிரஷ்யன் நீலம் என்று உலகமே அதை வாங்கியது. தற்செயலாகக் கிடைத்த சேர்மம் எது என்று கேட்டால் பாடப்புத்தகங்கள் முதலில் நீட்டும் விரல் இதை நோக்கித்தான். நானும் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். கெட்டுப்போன பொட்டாஷ் அன்று அவர் கையில் இருந்தது தற்செயல். பொட்டாஷுக்குள் உருவாகியிருந்த சயனைடும் இரும்பும் சந்தித்த பிறகு நீலம் வந்ததில் தற்செயல் ஏதும் இல்லை. அன்று பெர்லினில் வந்தது, நாளைக்குச் சத்திரப்பட்டியில் சொட்டு விட்டாலும் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஆண்டாள் கோயிலுக்குத் தவறாமல் போய் வருபவர். எதையும் எண்ணிப் பார்த்துப் பேசுகிறவர். அவருக்கு ஒரு வாதம் உண்டு. “உடைஞ்சு போறது தானா நடக்கும், தம்பி. சேர்றதுக்கு ஒரு கை வேணும். கண்ணாடி டம்ளர் தானா உடையும், தானா ஒட்டுமா? அப்புறம் இத்தனை பெரிய மூலக்கூறெல்லாம் தற்செயலாச் சேர்ந்துச்சுன்னு எப்படி நம்பச் சொல்றீங்க? நிகழ்தகவுக் கணக்கு இடம் கொடுக்காதே.”

அவரை நான் மதிக்கிறேன். அவர் கேட்பது மேம்போக்கான கேள்வி இல்லை. ஆனால் என் கையில் இருக்கும் பொருள்கள் அந்த வாதத்தின் முதல் பாதியையே ஒப்புக்கொள்வதில்லை.

துருவையே எடுத்துக்கொள்வோம். இரும்பு அழிந்துவிட்டது என்கிறோம். வேதியியல்படி அங்கே ஒரு சேர்மம் உருவாகியிருக்கிறது. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்திருக்கின்றன, யாரும் சேர்த்து வைக்கவில்லை. பள்ளம் சேர்க்கையின் பக்கம் இருந்தால் பொருள்கள் சேரும், பிரிவின் பக்கம் இருந்தால் பிரியும். அழிவு, ஆக்கம் என்பவை நம் பயன்பாட்டை வைத்து நாம் சூட்டும் பெயர்கள். மூலக்கூறுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

பெராக்சைடையே பாருங்கள். அது தொழிற்சாலையில்தான் பிறக்கிறது என்று நினைப்போம். மழைநீரில் மிகச் சிறிய அளவில் அது இருக்கிறது. சூரிய ஒளி காற்றிலுள்ள பொருள்களை உடைக்க, உடைந்த துண்டுகள் தங்களுக்குள் சேர்ந்து பெராக்சைடாகி, மேகத் துளிகளில் கரைகின்றன. ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ராஜபாளையத்தில் விழுகிற சாரலிலும் அது துளி இருக்கும். உடைவதால் பெயர்பெற்ற சரக்கு, ஒளி ஆற்றலைக் கட்டினால், யார் கையும் படாமல் உருவாகவும் செய்கிறது.

நிகழ்தகவைப் பற்றி வாத்தியாரிடம் இப்படிச் சொன்னேன். “ஒரு பெராக்சைடு மூலக்கூறு எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது சார். இப்ப உடையலாம், பத்து வருஷம் கழிச்சு உடையலாம். அதுல தற்செயல் இருக்கு. ஆனா ஒரு சொட்டுல எத்தனை மூலக்கூறு இருக்கு? கோடியைக் கோடியால பெருக்கி, அதைத் திரும்பக் கோடியால பெருக்குங்க. அத்தனை பேர்ல எத்தனை பேர் ஒரு மணி நேரத்துல உடைவாங்கன்னு நான் காலையிலயே கணக்குப் போட்டு வச்சுட்டு வேலைக்குப் போறேன். அந்தக் கணக்குப் பொய்க்கிறதில்ல.” கணக்கு வாத்தியாருக்கு இந்த இடம் பிடித்திருந்தது. ஆயுள் காப்பீட்டுக் கணக்கு இப்படித்தான் என்றார்.

தானாகச் சேர்வதற்கு எங்கள் ஊரிலேயே இதைவிடத் தெளிவான சாட்சி இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எந்தப் பால்கோவாக் கடைக்குப் பின்னால் போனாலும் பார்க்கலாம். பெரிய இரும்புச் சட்டி, கீழே விறகு நெருப்பு, பால், சர்க்கரை. வேறொன்றும் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த இந்தப் பண்டத்தின் மணத்தைத் தரும் பொருள்கள் எவையும் பாலில் இல்லை, சர்க்கரையிலும் இல்லை. அவை சட்டியில் பிறக்கின்றன.

எனக்குத் தெரிந்த மாஸ்டர் ஒருவர் சட்டியருகே நிற்கும்போது நான் பலமுறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். அது போகும்வரை சட்டியில் பெரிதாக ஒன்றும் நடக்காது, துடுப்பு சுழலும், ஆவி எழும்பும். தண்ணீர் சுண்டச் சுண்டக் கரைசல் நெருக்கமாகும், சூடும் ஏறும். குமிழிகள் சிறிதாகவும் கனமாகவும் வெடிக்கத் தொடங்கும். அப்போதுதான் மணம் கிளம்பும். வெள்ளை நிறம் சந்தனத்துக்கு நகரும். பால் சர்க்கரையான லாக்டோசின் ஒரு முனை, பால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு கைகோக்கிறது. அதிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்கள். சில ஆவியாகி மணமாகின்றன. சில ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டு, பழுப்பு நிறத்தைத் தரும் பெரிய மூலக்கூறுகளாகின்றன. லூயி கமில் மையார் 1912இல் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி இதை விவரித்தார், அவர் பெயராலேயே வழங்குகிறது. கடையில் வாங்கிப் போடும் வெள்ளைச் சர்க்கரைக்கு அந்தக் கைகோக்கும் முனை இல்லை. இனிப்பைத் தருவதும் தண்ணீரைப் பிடித்து வைத்து நுண்ணுயிரிடமிருந்து கோவாவைக் காப்பதும் அதன் வேலை. மணத்துக்கும் நிறத்துக்கும் உழைப்பது பால் சர்க்கரைதான்.

“நான் எதையும் சேர்க்கல தம்பி. தீ கூடிச்சுன்னா நெறம் ஓடிப்போயிரும், கொறஞ்சா மணம் வராது. அந்தத் தீயைப் பாத்துக்கிடுறதுதான் என் வேலை” என்பார் மாஸ்டர். நான் கியரில் செய்வதும் அதுவேதான். மூலக்கூறுகளைப் பிடித்து ஒட்டுவதற்கோ அறுப்பதற்கோ எங்கள் இருவருக்கும் விரல் இல்லை. சூடு, நேரம், காரம், ஈரம் ஆகியவற்றை அமைத்துக் கொடுக்கிறோம். எப்படிச் சேர வேண்டும் என்பது அவற்றின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒழுங்கும் இதில் தானாகப் பிறக்கிறது. கோவா ஆறும்போது சில சமயம் நாக்கில் மணல்மணலாக நெருடும். கரைசலில் இடம் போதாத லாக்டோஸ் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகியிருக்கும். அடுக்கியவர் யாருமில்லை. அடுக்காக நின்றால் ஆற்றல் குறைவு, அதனால் நிற்கின்றன, மிச்ச வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு. சட்டியைச் சுற்றியிருக்கும் காற்றையும் கணக்கில் சேர்த்தால், மொத்தக் கலைவு கூடித்தான் இருக்கும். தானாக எல்லாம் கலையும் என்ற வெப்பவியல் விதி இதனால் மீறப்படவில்லை.

மேட்டில் ஏற வேண்டிய சேர்க்கைகளும் உண்டு. பஞ்சே அப்படிப்பட்டதுதான். கரிசல் மண்ணில் நிற்கும் பருத்திச் செடி காற்றின் கரியமில வாயுவையும் வேர்வழித் தண்ணீரையும் குளுக்கோசாக்கி, அதைச் சங்கிலியாகக் கோத்து இழையாக்குகிறது. அதற்கான ஆற்றலைச் சூரியன் தருகிறது. ஆற்றல் வந்துகொண்டே இருக்கிற இடத்தில் மேடேறுவதும் நடக்கும் என்பதை வாத்தியார் ஒப்புக்கொண்டார். ஆனால் செடிக்குள் உயிர் இருக்கிறதே, உயிர் இல்லாத இடத்தில் நடக்குமா என்று விடாமல் கேட்டார்.

நடந்திருக்கிறது. 1953இல் ஸ்டான்லி மில்லர் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்பொறியைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் அமினோ அமிலங்கள் வந்தன. அது ஆய்வகம், அங்கே ஒரு கை இருந்தது என்று சொல்லலாம். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. அதற்குள் அமினோ அமிலங்கள் இருந்தன, பூமியின் உயிர்கள் பயன்படுத்தாத வகைகள் உட்பட. அங்கே யார் கையும் இல்லை. அமினோ அமிலத்திலிருந்து உயிருக்குப் போகும் பாதையை அறிவியல் இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்த இடைவெளியை வாத்தியார் சுட்டிக்காட்டினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் எல்லா அணுக்களையும் குலுக்கிப் போட்டு ஒரே வீச்சில் புரதம் விழுமா என்று கணக்குப் போடுவது, மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பார்க்காமல் போடும் கணக்கு. பால்கோவாச் சட்டியில் எதுவும் குலுக்கலில் விழுவதில்லை. ஒவ்வொரு சேர்மமும் அடுத்ததற்கு வழிவிடுகிறது, எல்லா வழியும் சம வாய்ப்புள்ள வழி இல்லை. மில்லர் அமினோ அமிலம் எடுத்த அதே 1953இல்தான் ஜான் ஹாட்ஜ் என்ற வேதியியலாளர், பழுப்பாகும் வினையில் எது எதற்கு வழிவிடுகிறது என்று வரைபடமாகப் போட்டுக் காட்டினார். வாத்தியாருக்கு அந்தப் படத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மருத்துவமனைக்காரர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள்: பேண்டேஜுக்கு எதற்குக் காலாவதித் தேதி, பஞ்சு கெட்டுப்போகுமா? செல்லுலோசின் சங்கிலி தூய தண்ணீரில், சாதாரண வெப்பத்தில், தானாக அறுபட லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. உலோகம் அரித்து உண்டான உப்புகள் துணியில் ஊறி, நுண்ணுயிர்களை அண்டவிடாமல் காத்திருக்கின்றன. எங்கள் காஸில் இரும்பு துளை போட்டது, அங்கே வேறோர் உலோகம் துணியைக் காத்தது. அதே பருத்தியைக் கார்த்திகை மழையில் ஈர மண்ணில் போட்டால் சில மாதங்களில் பூஞ்சை தின்று முடித்துவிடும். லட்சக்கணக்கான ஆண்டு நிற்கும் பிணைப்பை அதன் நொதி நொடியில் திறக்கிறது. நம் இரத்தத்திலும் அப்படி ஒரு நொதி உண்டு, கேட்டலேஸ். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பது அதனால்தான். ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும்.

ஆக, தொற்றுநீக்கிய பேண்டேஜ் உறையின் மேல் அச்சிடும் தேதி பஞ்சின் ஆயுளைச் சொல்வதல்ல. உறையின் ஒட்டும் தாளும் எத்தனை நாள் கிருமியை வெளியே நிறுத்தும் என்று போடும் கணக்கு அது. உறை பிரிந்துவிட்டால், தேதி மீதமிருந்தாலும் தூக்கிப்போடச் சொல்கிறேன்.

தொற்றுநீக்காத பேல் சரக்குக்குக் கோடவுன்தான் உறை. மருத்துவப் பஞ்சின் ஈரம் எட்டுச் சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மருந்தியல் ஏட்டின் விதி. அதனால் ஐப்பசிக்கு முன்பே தரையில் மரப்பலகை அடித்து, பேல்களை அதன் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கச் சொல்லிவிடுவேன். மழை நாளில் கதவைத் திறந்து வைத்து லோடு ஏற்றக் கூடாது. அடிவரிசைப் பேலில் கையை விட்டுப் பார்த்து, குளுமை தட்டினால் அன்றைக்கே பிரித்து உலர்த்த வேண்டும்.